பாதி எழுத்து தெரிந்த வாத்தியாரம்மா

அம்மையார்குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குத் தெலுங்கு எழுத்து சொல்லிக்கொடுத்த அம்சாவுக்குத் தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாது. பிறந்தது திருத்தணி. வீட்டில் பேசியது தமிழ். ஆனால் அவள் படித்த பள்ளிக்கூடத்திலும், பிறகு வாத்தியார் பயிற்சியிலும் தெலுங்குதான். சித்தூர் ஜில்லாவின் அந்த மூலையில் இதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. வாய்க்கு ஒரு பாஷை, கைக்கு ஒரு பாஷை என்று பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

நாற்பத்தாறாம் வருஷம் நூலுக்குப் பஞ்சம். யுத்தம் முடிந்தும் நூல் வரவில்லை. ஊரில் தறிச்சத்தம் அடங்கிப்போயிற்று. ஆனி மாதத்து ஒரு மத்தியானம், நெசவுக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்கள். கௌரியம்மாள்தான் முன்னால் நின்றாள். நாற்பது வயது, உரத்த குரல்.

"வாத்தியாரம்மா, எங்களுக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக் குடும்மா."

"இப்ப இன்னா திடீர்னு?"

"தறி நின்னுபோச்சு. வூட்டுல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினு உக்காந்துகினு இருக்கோம். சண்டைதான் வருது. அதுக்கு இங்க வந்து உக்காந்தா எழுத்தாச்சும் வரும்ல."

எனக்கே தெரியாது என்று அந்த இடத்திலேயே அம்சா சொல்லியிருக்கலாம். இருபத்து மூன்று வயதில் வாத்தியாரம்மா என்று கூப்பிட்டவர்களிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. "ஆங், வாங்க. திங்கக்கெழமை ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை பஸ் ஏறித் திருத்தணிக்குப் போனாள். வார நாட்களில் அவள் பள்ளிக்கூடத்து ஊரில் ஓர் அறையில் தங்கியிருந்தாள்; அவள் புருஷன் சின்னசாமி திருத்தணியில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தான். அரக்கோணத்துப் பக்கம் தமிழில் படித்தவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, உருட்டிய சோற்றுக் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு சிரித்தான்.

"உனக்கே தெரியாதே. எப்படிச் சொல்லித் தருவே?"

"நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க. அவங்களுக்கு ஒரு வாரம் முன்னாடி போய்க்கினு இருந்தாப் போதும்."

அப்படித்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்டதைத் திங்கட்கிழமை முதல் கற்றுக்கொடுத்தாள். மறந்துவிடக்கூடாது என்று உள்ளங்கையில் மையால் எழுதிக்கொண்டு வருவாள். கரும்பலகையில் போடுமுன் கையை ஒருமுறை பார்த்துக்கொள்வாள். ண வருமிடத்தில் ன போட்டுவிட்டு, ஏதோ யோசனையில் அழிப்பதுபோல அழிப்பாள். பெண்கள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுதினார்கள். நூல் பிடித்துப் பழகிய விரல்களுக்கு வளைவுகள் சுலபமாக வந்தன.

ஆடிக் கிருத்திகை வந்தது. அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் படிக்கட்டு வரைக்கும் காவடிக்காரர்கள். வண்டி ஊரில் நிற்கவேயில்லை. அடுத்த வண்டியும் அப்படியே போயிற்று. அம்சா ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினாள். திங்கட்கிழமை மத்தியானம் வகுப்பில் வந்து நின்றபோது கையில் மையும் இல்லை, மனத்தில் பாடமும் இல்லை. சாக்குச் சொல்ல வாயெடுத்தவளுக்கு, எதிரில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"எனக்கும் தமிழ் எழுத்து தெரியாதுங்க. வாராவாரம் வூட்டுக்காரர்கிட்ட கத்துகினு வந்துதான் உங்களுக்குச் சொன்னேன். இந்த வாரம் போக முடியலை. அதனால பாடம் இல்லை."

கௌரியம்மாள்தான் பேசினாள்.

"உள்ளங்கையப் பாத்துப் பாத்து எழுதறியே, எங்களுக்கு இன்னா கண்ணு இல்லையா? மருதாணின்னா நெனச்சோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்சாவுக்கு முதலில் கண் கலங்கியது, பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, இன்னிக்கு நாம எல்லாரும் ஒரே வகுப்பு" என்று சொல்லிவிட்டு, கௌரியம்மாள் இடுப்பிலிருந்து மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்தாள். ஆவணி முகூர்த்தத்துக்கு அச்சடித்தது. "இதப் படிக்க முடியுமா பாரு."

பாதி எழுத்துகள் அவர்களுக்கு இன்னும் வரவில்லை. தெரிந்தவற்றை அம்சா கூட்டிக்கூட்டிப் படித்தாள். தெலுங்கில் ஒவ்வொரு ஓசைக்கும் தனி எழுத்து உண்டு; தமிழில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் ஒரே ப, ஒரே க. அந்தப் பழக்கத்தில் ஒரு பெயரை "ப்பங்க்காரு" என்று கல்லைக் கடிப்பதுபோல அழுத்திப் படித்துவிட்டு, "யாருங்க இது?" என்றாள்.

"அய்ய, நம்ம பங்காரும்மா! கோடித் தெரு பங்காரு. அவன் பொண்ணுக்குத்தான் கல்யாணம்" என்றாள் அன்னம்மாள். நூல் சுற்றுகிறவள், அதிகம் பேசாதவள்.

அம்சா மறுபடியும் அந்த எழுத்துகளைப் பார்த்தாள். பங்காரு. தெலுங்கில் தங்கம். ஆயிரம் தடவை வாயால் சொன்ன சொல். எழுத்து ஓசையின் பாதியைத்தான் காட்டுகிறது, மீதியைப் படிக்கிறவர்தான் கொண்டுவர வேண்டும் என்று அவளுக்கு உறைத்தது. அந்த மீதி எல்லாம் இந்தப் பெண்களிடம் நிறையவே இருந்தது.

"இருங்க. படிக்கறதுக்கு முன்னாடி யோசிப்போம். கல்யாணப் பத்திரிகையில இன்னா இன்னா இருக்கும்?"

பெண் பேர், மாப்பிள்ளை பேர், ஊர், நாள், நேரம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "கீழ மாமன் பேரு இருக்கும். இல்லாட்டி அந்த ஆளு வரமாட்டான்" என்றாள் ஒருத்தி. பிறகு அவற்றை ஒவ்வொன்றாகத் தேடினார்கள். தெரிந்த சொல்லுக்கு நடுவில் தெரியாத எழுத்து வந்தால், அது இன்னதாகத்தான் இருக்கவேண்டும் என்று ஊகித்தார்கள். மாமன் பேரும் கிடைத்தது. ஒரு வாரப் பாடத்தை அன்று ஒரு மத்தியானத்தில் தாண்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சின்னசாமிக்கு வேறு வேலை வந்தது. கடைவீதியில் கிடைக்கிற அச்சுக் காகிதத்தையெல்லாம் சேர்த்து வைத்தான். சோப்பு உறை, தெருக்கூத்து நோட்டீஸ், மருந்து விளம்பரம், கடலை மடித்த செய்தித்தாள். அம்சா அவற்றைக் கொண்டுபோவாள். முதலில் ஊகம், பிறகு படிப்பு, கடைசியில் பேச்சு. ஊகம் தப்பினால் இன்னும் நன்றாக நினைவில் நின்றது.

அன்னம்மாள் தன் பெயரை எழுத வந்ததும், "எனக்கு இது போதும்மா" என்று நின்றுகொண்டாள். ஆனாலும் தினமும் வந்து உட்கார்ந்து கேட்டாள். கௌரியம்மாளோ விடுகிற ஆள் இல்லை. ஒருநாள் லேகிய விளம்பரம் ஒன்றை முழுசாகப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"எல்லா வியாதியும் தீரும்னு போட்டுக்கிறான். அப்பால டாக்டருங்க எதுக்குக் கீறாங்க?"

"நீங்கதான் சொல்லுங்க."

"இது விக்கிறவன் எழுதனது. வாங்கித் தின்னவன் எழுதட்டும், அப்ப நம்பறேன்."

அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்சாவுக்கு மனசு லேசாக இருந்தது. பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாசித்ததைத் திருப்பிக் கேள்வி கேட்கலாம் என்று யாரும் சொன்னதில்லை.

பொங்கலுக்குப் பிறகு நூல் வந்தது. தறிகள் ஓட ஆரம்பித்தன. வகுப்பு நின்றுவிடும் என்றுதான் அம்சா நினைத்தாள். தறிக்கு லீவு விடுகிற அமாவாசைகளில் வரலாம் என்று பெண்களே பேசி வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் கடைசிவரை வந்தார்கள். அம்சாவும் அவர்களோடு படித்துக்கொண்டே தமிழ்ப் பரீட்சைக்குப் பணம் கட்டினாள். கட்டுரைக் கேள்வியில், தெரிந்த தொழில் ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். பாவு, ஊடை, தார், நாடா என்று நெசவுச் சொற்கள் தாமாகவே வந்து விழுந்தன. ண, ன இரண்டு இடத்தில் மாறிப்போயிருக்கும் என்று சந்தேகம். ஆனாலும் தேறிவிட்டாள்.

நாற்பத்தொன்பதில் திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு திறந்தபோது அவளை அங்கே மாற்றினார்கள். முதல் நாள் சின்னசாமி கடைக்குப் போகாமல் வாசல்வரை கூடவே வந்தான்.

"அரிச்சுவடி எடுத்துக்கலையா?"

"அப்பறமா எடுத்துக்கலாங்க. மொதல்ல புள்ளைங்க இன்னா கொண்டாந்திருக்குன்னு பாக்கறேன்."

வகுப்பில் போய் உட்கார்ந்து, வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு சொல் சொல்லுங்கள் என்றாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி மெதுவாக, "எருமை" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அம்சா எழுந்து கரும்பலகையில் அதைப் பெரிதாக எழுதினாள். எருமை என்ன தின்னும், எங்கே படுக்கும், யார் வீட்டு எருமை முட்டும் என்று மணி அடிக்கும்வரை பேச்சு ஓடியது. ஒவ்வொரு பதிலும் கரும்பலகைக்குப் போயிற்று. கடைசியில் எழுத இடமில்லாமல், அவள் பலகையின் ஓரத்தில் குறுக்காக எழுத வேண்டியிருந்தது.