பினாங்கில் நின்ற முதல்

நூல் கடைத் தெருவில் தன் சொத்து எவ்வளவு என்று எவனும் வாயைத் திறந்து சொல்லமாட்டான். ஆனால் கைலிக்கடை நூருல் அமீன் பாயின் முதல் எவ்வளவு என்பது மட்டும் மதுரையில் நூல் விற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ரமலான் மாதம் இருபத்தேழாம் நோன்பன்று அவர் கடைவாசலில் ஸகாத் கொடுப்பார். ஆளுக்கு இரண்டு ரூபாய். கூட்டம் முண்டாமல் இருக்க, எண் போட்ட சீட்டு ஒரு வாரம் முன்னதாகவே பள்ளிவாசல் வழியாகப் போய்விடும். கடைசிச் சீட்டின் எண்ணை விசாரித்து வைத்துக்கொண்டவன் அதை இரண்டால் பெருக்குவான். ஸகாத் என்பது ஏழைகளுக்கென்று மார்க்கம் விதித்த தர்மம், ஒருவருடைய முதலில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே வந்ததை நாற்பதால் பெருக்குவான். போன வருடம் கடைசிச் சீட்டு முந்நூறு. அறுநூறு ரூபாய். அப்படியானால் பாயின் முதல் இருபத்து நாலாயிரம். இந்தக் கணக்கை நம்பித்தான் நூல் மண்டி சுடலைமுத்து அவருக்குக் கட்டுக் கட்டாக நூலைக் கடனுக்கு இறக்கிக்கொண்டிருந்தார்.

பாய் பிறவிப் பணக்காரர் இல்லை. இருபது வயதில் கைலி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பழங்காநத்தம், அவனியாபுரம் என்று தெருத் தெருவாகக் கூவி விற்றவர். மனைவி மைதீன் பீவி காதிலிருந்து கழற்றிக் கொடுத்த அலுக்கத்தை விற்ற நூற்றிருபது ரூபாயில்தான் கடையே பிறந்தது. பிறகு செல்லூரில் நாற்பது தறி அவருக்காக ஓடியது. நெய்த கைலி கப்பலேறிப் பினாங்குக்குப் போகும். அங்கே பீவியின் தம்பி ஜலீல் கடை வைத்து விற்பான். "மச்சான், பணத்தை ஊருக்கு அனுப்பினால் பாதி கமிஷனுக்கே போகிறது. லாபத்தை இங்கேயே முதலோடு சேர்த்துவிடுகிறேன்" என்று வருடா வருடம் எழுதுவான். ஸகாத்துக்கு வேண்டிய தொகை மட்டும் ரமலானுக்கு முன்னால் வந்து சேரும். மீதியெல்லாம் பினாங்கிலேயே குட்டி போட்டது.

பாய் கணக்குப் புத்தகத்தில் இடப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார். அங்கே 'நூருல் அமீன் முதல்' என்று இருக்கும். பதினொரு வருடமாக அந்தத் தொகை ஏறுவதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனவர், வலப்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை.

போன டிசம்பரில் பினாங்கு ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. அதோடு ஜலீலின் கடிதமும் நின்றது. 1942-ஆம் வருடத்து ரமலானும் வந்துவிட்டது. பத்தொன்பதாம் நோன்பன்று கணக்கப்பிள்ளை சிவனாண்டி சீட்டு எழுத வெள்ளைத்தாளை நறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எத்தனை எழுத, மொதலாளி?"

"இதென்ன புதுக் கேள்வி? புஸ்தகத்துல முதல் எம்புட்டு?"

"அதே இருபத்து நாலாயிரம்."

"அப்ப முந்நூறு எழுது."

சிவனாண்டி பேனாவைத் தொடவில்லை. புத்தகத்தை மெல்லப் பாய் பக்கம் திருப்பினார். "நீங்க பாக்குற பக்கத்துல இருக்கிறது பணமில்ல மொதலாளி. கடை உங்களுக்குக் குடுக்க வேண்டிய பாக்கி. சுடலைமுத்துக்கு எப்படிக் குடுக்கணுமோ, அப்படித்தான் உங்களுக்கும். அந்தப் பணம் எங்க, என்னவாக் கெடக்குன்னு இந்தப் பக்கம்தான் சொல்லும்."

வலப்பக்கத்தின் முதல் வரி: பினாங்கு ஜலீல் வசம், பதிமூவாயிரத்து நானூறு டாலர், ரூபாய்க்கு இருபதாயிரத்து எண்ணூறு. அதற்குக் கீழே மதுரையில் இருக்கும் நூல், துணி, ரொக்கம், வெளிப்பாக்கி. கடன் போக மூவாயிரத்து இருநூறு.

"டாலருக்குப் போட்டிருக்கது போன வருசத்து வெல. இன்னிக்கு அதுக்கு வெல சொல்ல ஆளே இல்ல."

"அப்ப எத்தனை சீட்டுங்கிற?"

"மதுரையில இருக்கிற மூவாயிரத்து எரநூறுக்கு எம்பது ரூவா வருது. நாப்பது சீட்டு."

"நாப்பதா! கடை செத்துப்போச்சுன்னு நாமளே அதுக்கு ஜனாஸாத் தொழுகை வைக்கச் சொல்றியா?" பாயின் குரல் உயர்ந்தது. "பெட்டியில அறுநூத்தி எழுவது இருக்குல்ல?"

"அது செல்லூர்த் தறிக் கூலி. நாளைக்குக் குடுக்கணும்."

"பத்து நாள் தள்ளிக் குடுத்தா செத்தா போவாங்க?"

சிவனாண்டி வெற்றுத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்.

பாய் சாயங்கால அஸர் தொழுகைக்குப் போகும் வழியில் சுடலைமுத்து மண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "என்ன பாய், சீட்டு ஒண்ணும் கண்ணுல படலையே? பினாங்கு மச்சினன் கப்பல்ல கொண்டாந்துக்கிட்டு இருக்காரோ?"

"வரும்யா, வரும்."

"வரட்டும், வரட்டும். நம்ம நூலும் அதுக்குத்தான் காத்துக் கெடக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாயின் முதுகிலேயே பள்ளிவாசல் வரைக்கும் வந்தது. கைக்கு வராத பணத்துக்கு, வந்தபிறகு கணக்குப் பார்த்துக் கொடுத்தால் போதும் என்றார் அங்கே தொழவைக்கும் ஹஜ்ரத். மார்க்கத்துக்கு அது போதும். நூல் மண்டிக்குப் போதுமா?

வீட்டில் மைதீன் பீவி வேறு கணக்கு வைத்திருந்தாள். "முந்நூறுல ஒண்ணு குறைஞ்சாலும் ஊரு என்ன பேசும்? ஜலீல் போயிட்டான்னுதான பேசும்? ஒங்க கணக்கப்பிள்ளை நாப்பதுன்னு எழுதினா, என் தம்பி மவுத்துன்னு எழுதின மாதிரிதாங்க." கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னதுதான் சரி என்றே மறுநாள் காலை பாய் முடிவுகட்டிக்கொண்டு வந்தார். தறிக்காரர்களுக்காகக் கூலி வாங்க முத்திருளன் செல்லூரிலிருந்து வந்து நின்றான்.

"என்ன பாய், நோன்புக் கஞ்சி வாசம் செல்லூரு வரைக்கும் வந்திருச்சு. கூலி வாசம்தான் வரல."

"முத்திருளா, ஒரு பத்து நாளு பொறுத்துக்கிறியா?"

முத்திருளன் முகம் ஒரு கணம் சுண்டியது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய பணம். ஆனாலும் உடனே தலையை ஆட்டிவிட்டான். "நீங்க சொன்னாச் சரி அண்ணே. ஒங்க பணம் எங்க ஓடிப் போகுது? இருபத்து நாலாயிரத்துக்காரருகிட்ட எங்க கூலி கெடந்தா பேங்குல கெடந்த மாதிரில்ல!"

ஊருக்கெல்லாம் அந்த எண்ணைச் சொல்லி வைத்தவர் பாய்தான். முந்நூறு சீட்டு கொடுத்தால் அதையே இன்னொரு வருடத்துக்குச் சொன்னதாகும். இவன் தன் பிள்ளை சோற்றை அதன்மேல் வைத்துவிட்டு வெறுங்கையோடு செல்லூருக்கு நடப்பான். அவன் படியிறங்கித் தெருவில் கால் வைத்துவிட்டான்.

"ஏ முத்திருளா! வாய்யா இங்க." பெட்டியைத் திறந்து கூலி முழுவதையும் எண்ணிக் கொடுத்தார். அவன் போனதும் சிவனாண்டியின் முகத்தைப் பார்க்காமல், "நாப்பதே எழுது" என்றார்.

"பினாங்கு வரியை நட்டத்துல தள்ளிரவா?"

"அதைத் தொடாத. எழுதினபடி கெடக்கட்டும்."

இருபத்தேழாம் நோன்பன்று நாற்பது பேருக்குக் கொடுத்து முடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சீட்டில்லாதவர்கள் கலையாமல் வெயிலில் நின்றார்கள். "போன வருசம் எனக்கு எரநூத்திப் பத்தாம் நம்பரு, வாப்பா" என்றாள் ஒரு கிழவி. "இந்த வருசம் அம்புட்டுத்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் பாய் கதவைச் சாத்தினார்.

கடையடைக்கிற நேரத்துக்குச் சுடலைமுத்து வந்தார். உட்காரவில்லை.

"மூவாயிரத்து எரநூறு" என்றார்.

"ஆமா."

"மறைக்காம விட்டீங்க, அதுக்கு மரியாதை உண்டு பாய். ஆனா இனிமே நூலுக்கு ரொக்கம்தான்."

"ரொக்கத்துக்குன்னா பன்னெண்டு தறிக்குத்தான் காணும்."

"அதை நீங்கதான் பாத்துக்கணும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் பீவி கஞ்சியும் பேரீச்சையும் எடுத்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"தம்பி பேரு இருக்கிற பக்கத்துல என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதல. போன வருசம் இருந்தபடியே இருக்கு."

பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அவள் வந்து எதிரில் உட்கார்ந்து கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். பாய் பேரீச்சையைக் கையில் எடுத்தார், வாயில் வைக்கவில்லை. விடிந்ததும் செல்லூர் போக வேண்டும். முத்திருளனைக் கூட்டிக்கொண்டு இருபத்தெட்டு வீட்டு வாசலில் நின்று, தறியை நிறுத்தச் சொல்ல வேண்டும். முதலில் யார் வீட்டுக்குப் போவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.