ஐஸ் போடாத பீர்

மலேசியாவில், கிள்ளானில் என் அண்ணன்மார் பீரில் ஐஸ் போட்டு, அது கரைவதற்குள் குடித்துவிடுவார்கள். அதனால் சனிக்கிழமைதோறும் மாலை முழுக்கப் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள இங்கிலீஷ் பப்பில் இருந்துவிட்டு வந்து, "ஒரே கிளாஸ்தான் லா" என்று என் கணவர் சொன்னதை நான் நம்பவில்லை. யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்றே நினைத்தேன்.

ஒருநாள் சொல்லாமல் அங்கே போய் நின்றேன். பெண் யாரும் இல்லை. மங்கலான வெளிச்சத்தில், பக்கத்து மேசைக்காரர்களிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்.

அவருடைய கிளாஸைத் தொட்டேன். ஜில்லென்றே இல்லை.

"இது ஏல்ங்கிற இங்கிலீஷ் பீர். ஐஸ் போட மாட்டாங்க, மெதுவாத்தான் குடிக்கணும்," என்றார்.

ஒரே கிளாஸ் என்றது உண்மைதான். அந்தக் கதையின் மீதியை மட்டும் என்னிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.