நைனா நாற்காலியில் தட்டிய தாளம்

ரோஸ் பவுடரைத் தண்ணீரில் குழைத்தால் ஒரு வாசனை வரும். வாடின மல்லிகையும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி... இன்றும் எந்த மேடைக்குப் பின்னால் அந்த வாசனை அடித்தாலும், எனக்கு முதலில் அலுப்புத்தான் வருகிறது.

திருத்தணியில் நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழா. கோலாட்டத்துக்கு நின்ற எல்லாப் பெண்களுக்கும் ஒரே டப்பாவிலிருந்து டீச்சர் பூசிக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. பூசி முடித்துக் கண்ணாடியைக் காட்டினார். சாம்பலில் புரண்டு எழுந்தவள் மாதிரி இருந்தேன்.

என் நிறம் அப்படி. முடியும் அப்படி, எந்தச் சீப்புக்கும் அடங்காத சுருட்டை. அம்மா அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். அப்பா தான்சானியாக்காரர். சென்னைக்குப் படிக்க வந்தவர், அம்மா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் ஒருமுறை காய்ச்சலோடு வந்து படுத்தார். அப்புறம் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. திருத்தணியில் தறி மோட்டார் ரிப்பேர் கடை வைத்தார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைப் போல நானும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அம்மா வீட்டார் யாரும் எங்களிடம் பேசியதில்லை. அம்மாவின் தம்பியும் திருத்தணியில்தான் குடியிருந்தார். அவர் மகள் சுமதி என் வகுப்பு. அதே கோலாட்டத்தில் முன்வரிசை. வகுப்பில் பேசிக்கொள்வோம். மாமா பள்ளிக் கேட்டில் நின்றால் பேச மாட்டோம்...

"நீ பின்னாடி ஓரமா நின்னுக்கோமா. போட்டோவுல எல்லாரும் ஒரே மாதிரி வரணும் இல்ல," என்றார் டீச்சர்.

அம்மா டியூட்டி முடிந்து அப்படியே வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை நனைத்து அழுந்தத் துடைத்தாள்.

"பவுடர் வாணாம் டீச்சர். இவ மூஞ்சி இதான்."

"பாக்கறவங்க சிரிப்பாங்களேம்மா..."

"சிரிக்கட்டும். சிரிச்சி முடிச்சிட்டு ஆட்டத்தைப் பாக்கட்டும்."

சிரித்தார்கள். மேடை ஏறும்போதே முன்பெஞ்சிலிருந்து கேட்டது.

பாட்டில் ஒரு சரணம்கூட முடியவில்லை. கரண்ட் போய்விட்டது. டேப் ரெக்கார்டர் நின்றது. பொழுது சாயும் நேரம், ஆட்களின் உருவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. தூக்கிய கோலோடு அப்படியே நின்றோம். சுமதி அழ ஆரம்பித்துவிட்டாள். கூட்டத்தில் விசில்.

அப்போதுதான் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம். தகர நாற்காலியைக் கவிழ்த்து வைத்து யாரோ தட்டுகிறார்கள். எங்கள் பாட்டின் தாளம், அச்சு அசலாக. அதைத் தொடர்ந்து அம்மாவின் குரல்...

தினமும் சாயங்காலம் வீட்டில் நான் பழகிய பாட்டுத்தான். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடுவாள். நைனா வாசலில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்து ஸ்பேனரால் தட்டுவார். நடுநடுவே தன் ஊர் அடி ஒன்றைக் கலந்துவிடுவார். அன்றும் கலந்தார். எங்கள் கோல்கள் அதற்கும் சரியாக விழுந்தன. வரிசை மாறி எனக்கு எதிரே வந்த சுமதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் கோலில் அடித்தாள்.

ஆட்டம் முடிந்து கைதட்டல் ஓயும் சமயம் கரண்ட் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போல, நைனா நாற்காலியை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

மாமா எழுந்து அவரிடம் போனார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் மாமா கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது.

"பாவா... கை எப்டி செவந்து கீது பாருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க."

பாவா. அக்கா புருஷனை அப்படிக் கூப்பிட அவருக்கு அத்தனை வருஷம் ஆகியிருந்தது. நைனா செம்பை அண்ணாந்து காலி செய்தார். "ஆங்... லேசா எரியுதுபா," என்றார். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்...

அதற்குப் பிறகு ஊரில் எந்த விசேஷம் என்றாலும் கடைக்கு ஆள் வந்துவிடும். "நைனா, வந்து கொஞ்சம் டிரம்ஸ் அடிங்க. உங்க ஊர் டான்ஸ் ஒண்ணு ஆடிக் காட்டுங்க." மரியாதைக்குச் சில முறை போனார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

"நான் மோட்டாருக்குக் காயில் கட்றவன்பா. அன்னிக்கு எம் பொண்ணு மேடையில நின்னுகினு இருந்தா, தட்னேன். அவ்ளோதான்."

அந்தச் சலிப்பு அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது நன்றாகப் புரிகிறது.

நான் பாடகி ஆனேன். பல இனம் கலந்த குடும்பங்களைக் கொண்டாடுகிறோம் என்று சென்னையில் கலை விழாக்கள் நடக்கின்றன. போஸ்டரில் என் முகம் பெரிதாக இருக்கும். போன வாரமும் ஒன்று. பாடுவதற்கு முன்னால் தொகுப்பாளர் மைக்கை நீட்டி, "உங்களுக்குள்ள ரெண்டு உலகம் இருக்கு. அதுல எது உங்க வீடு மேடம்?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். போன தடவை சொன்னதையே சொன்னேன். பெரிய கைதட்டல். அப்புறம் பாடினேன்... பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சிரித்தார்கள், இன்றைக்குச் சால்வை போர்த்துகிறார்கள். இன்றுதான் மேல், சந்தேகமே இல்லை. அப்போதெல்லாம் பஸ்ஸில் அம்மாவிடம் "தத்து எடுத்த பொண்ணா?" என்று கேட்டது போல என்னிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் அன்று பாட்டு முடிந்த பிறகுதான், பாடினது யார் என்று திரும்பிப் பார்த்தார்கள். இன்று யார் என்று சொல்லி முடித்தால்தான் பாடவே விடுகிறார்கள்.

விழா முடிந்து ரயில் ஏறினேன். பக்கத்தில் காலிப் பூக்கூடையோடு ஒரு அம்மா.

"எந்த ஊருமா?"

"திருத்தணி."

என் முடியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அடுத்த கேள்விக்கு நான் தயாரானேன்...

"நானும் அங்கதான். மூஞ்சி எப்டி வாடிக் கீது பாரு. தூங்கு கண்ணு, அரக்கோணம் தாண்டினா எழுப்பறேன்."

அரக்கோணத்துக்கு முன்பே வரும் மணவூர் ஸ்டேஷன் வந்துபோனதே தெரியாது. தூங்கிவிட்டேன்.