இரும்புக் கப்பல் யாருடையது

அப்பா ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. வீட்டிலிருந்து ஒருவர் பெயராவது தேயிலை எஸ்டேட்டின் ஆள்பேர் ஏட்டில் இருந்தால்தான் தொழிலாளர் வரிசையான லயத்தில் எங்கள் வீடு நிலைக்கும். அம்மா இல்லை, நான் ஒரே பிள்ளை. வரலாறு படித்துவிட்டுத் தேவிகுளம் ஆபீஸ்களுக்கு மனுப் போட்டுக் காத்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் பள்ளியில் வாத்தியார் வேலை காலியானது. எஸ்டேட் மேனேஜரான துரை முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எந்தப் பாடமானாலும் சரி என்றார்கள்.

மழை எப்படிப் பெய்கிறது என்று நடத்து, போதும் என்றார் தலைமையாசிரியர். எனக்கு அது சின்ன விஷயமாகப் பட்டது. எங்கள் லயத்திலிருந்து காலேஜ் போன முதல் ஆள் நான். அது தெரிய வேண்டாமா? அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரும்புக் கவசக் கப்பல் மரக்கப்பல்களைத் தாக்கிய பாடத்தை எடுத்தேன்.

ஐந்தாம் வகுப்பு. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் துரை. ஜன்னலுக்கு வெளியே, வெள்ளைச் சட்டையில் அப்பா. கடல் பார்க்காத பிள்ளைகள். நம் ஃபாக்டரிக் கூரை தண்ணீரில் மிதந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மரக்கப்பல்காரர்கள் சுட்ட குண்டெல்லாம் தகரத்தில் விழுந்த ஆலங்கட்டியாகத் தெறித்தன. இரும்புக் கப்பல் வந்து மரக்கப்பலின் விலாவில் முட்டியது. தண்ணீர் ஏற ஏறச் சுட்டுக்கொண்டே மூழ்கினார்கள். துரை தலையாட்டினார்.

முன்பெஞ்சுப் பெண் எழுந்தாள். "இரும்புக் கப்பல் யாரோடது சார்?"

பருத்திக் காட்டில் அடிமைகளை வைத்து வேலை வாங்கியவர்களுடையது என்றேன்.

"அவங்களுக்கும் லயம் உண்டா சார்?"

தெரியாது என்றிருக்கலாம். படித்ததை மறைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"உண்டும்மா. வரிசை வரிசையா, நம்ம லயம் மாதிரியேதான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். துரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

கம்பம்மெட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் வாத்தியாராக வந்தார். மழை நடத்தினாராம். அப்பா இரண்டு நாள் துரை பங்களா வாசலில் நின்றார். தேயிலைக் காட்டு வேலைக்கு என்றால் உன் மகன் பெயரைச் சேர்க்கலாம் என்று மூன்றாம் நாள் துரையின் ஆள் வந்து சொன்னார்.

"எங்கேயோ கிடந்தவன் லயத்தப் பத்தி ஒனக்கு என்னலே?" என்றார் அப்பா. "நம்ம லயம் போகப் பாத்துச்சே."

செடி வெட்டும் தன் கவாத்துக் கத்தியைத் தீட்டி என் கையில் கொடுத்தார்.

ஏட்டில் பெயர் எழுதியதும், எழுத்தர் பழக்கத்தில் கைநாட்டு மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போடுவேன் என்றேன்.

"போடேன். அதுக்குத் தனிக் கூலியா இருக்கு?" என்றார்.

போட்டேன். வீடு தப்பியது.