வயரைப் பிடுங்கினால் யார் கத்துவார்கள்?

1. கத்தும் வழி

மராத்தி பேசும் ஊரான ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்தது ஓர் அறையும் அதன் சாவியும்தான். அறைக்குள் இடியாப்பச் சிக்கலாக வயர்கள். எது எங்கே போகிறது என்று எழுதி வைக்காமலே முந்தைய ஆள் வேலையை விட்டுப் போயிருந்தார். போனையும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் புதுக் கட்டடத்துக்கு மாற்ற வேண்டும். அதற்குள் எந்த வயர் யாருடையது என்று காட்டும் மேப் வேண்டும். மேலாளர் குல்கர்ணி சார் இந்தியில் திட்டியதைத் தமிழில் தருகிறேன்:

"திங்கக்கிழமை ஒரு மெஷின் நின்னாலும் உன் ப்ரொபேஷன் அன்னிக்கே முடிஞ்சுது."

வேலை போனால் வாகோலி வாடகை வீட்டைக் காலி செய்து அம்மாவோடு திருச்சிக்கு ரயில் ஏற வேண்டியதுதான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மேப் இல்லாத இடத்தில் எங்கள் தொழிலுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. ஒரு வயரைப் பிடுங்கு, யார் கத்துகிறார்கள் என்று பார், பேரை எழுதிக்கொண்டு மறுபடி சொருகு. எங்கள் தொழிற்சாலையில் எல்லாக் கத்தலும் ரிசப்ஷனுக்குத்தான் வரும். அங்கே இருந்தவள் ஸ்டெல்லா, கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நான் பிடுங்குவேன், அவள் போனில் சொல்வாள். அக்கவுண்ட்ஸ் உடனே கத்தும். ஸ்டோர்ஸ் டீ குடித்துவிட்டு வந்து கத்தும். டைரக்டரின் பி.ஏ. மட்டும் பக்கத்து வயரைத் தொட்டாலே கத்துவார். மேப் மளமளவென்று வளர்ந்தது.

2. கத்தாத வயர்

கடைசியில் ஒரு நீல வயர் மிஞ்சியது. பிடுங்கும் முன் அது சொருகியிருந்த இடத்தில் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஆக, யாரோ பயன்படுத்துகிறார்கள். பிடுங்கிய பிறகு ஒரு சத்தமும் இல்லை. மறுபடி சொருகாமல் அப்படியே விட்டுவைத்தேன்.

மறுநாள் குல்கர்ணி சார் வந்தார். வழக்கமாக நகர் ரோடு டிராஃபிக் முழுவதும் அவர் முகத்தில் இருக்கும். அன்று எனக்கு குட்மார்னிங் சொன்னார். யாரும் கேட்கவில்லை என்றால் அது செத்த வயர், வெட்டிப் போடு என்றார். மத்தியானமும் வந்து, வெட்டியாகிவிட்டதா என்று அன்பாக விசாரித்தார்.

கட்டரைக் கையில் எடுத்துவிட்டேன். ஸ்டெல்லாதான் தடுத்தாள்.

"அரே சுமதி, நீ கத்தறவங்களையே தேடறே. நெட் பந்த் ஆனா குஷி ஆகறவங்க யாரும் இல்லியா?"

3. சிரித்த முகம்

அடுத்த நாள் காலை, வயரைச் சொருகாமலே இருவரும் சிரித்த முகம் தேடிக் கிளம்பினோம். பின் கேட்டில் ஒரு கும்பலே கிடைத்தது. ஷிஃப்ட் சங்கு ஊதி வெகுநேரம் ஆகியும் ஆபீஸ் ஆட்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அங்கே விரல் வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின் செத்துக் கிடந்தது. மெஷின் பழுதான நாளில் எல்லோரும் நேரத்துக்கு வந்ததாகத்தான் கணக்கு. பிறகு எவன் கத்துவான்?

கும்பலின் கடைசியில், வடாபாவைக் கடித்தபடி குல்கர்ணி சார்.

என்னையும் என் கையிலிருந்த மேப்பையும் பார்த்தார். மெல்லுவது நின்றது.

"மேப்ல போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் சார்."

"பென்சிலா, பேனாவா?"

"பேனா சார்."

பெருமூச்சு விட்டுவிட்டு மிச்ச வடாபாவைச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை எந்த மெஷினும் நிற்கவில்லை. பின் கேட்டில் முதல் விரல் அவருடையது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கத்துகிறவர்கள் பாதி மேப்தான் தருவார்கள். மீதி சிரிக்கிறவர்களிடம் இருக்கிறது.

அந்த வருடமே என்னை நிரந்தரமாக்கினார்கள். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் குல்கர்ணி சார். பேனாவால்தான்.