ரீற்றா அக்கா கவிழ்த்த கடுதாசிக் கப்

போன கிழமை வீட்டு வாசலுக்கு இரும்புக் கேற் ஒன்று செய்யக் கொடுக்கலாமென்று உடுவிலில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். இரும்பு அறுக்கும் கிறைண்டரைக் கையில் எடுத்தவர் முதலில் தன் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினார். பிறகு ஆணியில் தொங்கிய இன்னொன்றை என்னிடம் நீட்டி, பொறி பறக்கும், போடுங்கோ என்றார். சோறு போட்டுச் சாப்பிடுங்கோ என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. இரும்பு அறுபடும் கருகிய வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் நினைவில் பழைய பருத்தித்துறைக்குப் போய்விட்டேன்.

சண்டையில் இடம்பெயர்ந்த சனம் திரும்பிவந்து வீடு கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. எல்லாருக்கும் கேற் வேண்டும், யன்னல் கம்பி வேண்டும். நானும் அன்ரன் அண்ணையும் ஒரே பட்டறையில் இரும்போடு சீவித்தோம். கண்ணைப் பற்றி எங்களுக்குப் பெரிய அறிவு இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். வெல்டிங் செய்யும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டால் சேதம் பாதிதான் என்பது என் விஞ்ஞானம். பொழுதுபட்டதும் மணலைக் கொட்டியதுபோல இரண்டு கண்ணும் எரியும். அயலில் கைக்குழந்தைக்காரி யாராவது இருந்தால் தேத்தண்ணிக் கிளாசில் கொஞ்சம் தாய்ப்பால் வாங்கிவந்து கண்ணில் விடுவார்கள். வாங்கப் போவது அம்மாதான். எனக்கு வெட்கம்.

அன்ரன் அண்ணை குருநகர்க்காரர். ரீற்றா அக்காவைக் கட்டி, அவருடைய ஊரான பருத்தித்துறையிலேயே தங்கிவிட்டவர். கோயில் பாட்டுகளைப் பாடிக்கொண்டேதான் இரும்பு அறுப்பார். கிறைண்டர் சத்தத்தில் பாட்டு எங்களுக்குக் கேட்காது என்பதால் அவரோடு யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

ஒருநாள் மத்தியானம் கிறைண்டர் நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அண்ணை குந்தியிருந்தார். மெல்லிய இரும்புச் சிம்பு ஒன்று இடது கண்ணில் ஏறி நின்றது. முதலாளி சிம்பைப் பிடுங்கக் குறடு தேடி ஓடினார். இழுத்து எடுத்துவிட்டால் சரி என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

சாப்பாட்டோடு வந்த ரீற்றா அக்கா, பையைக் கீழே வைத்துவிட்டு முதலாளியின் கையைப் பிடித்தார். குரல் உயரவில்லை.

"கை வையாதேங்கோ. எங்கடை அப்பாவின்ரை கண்ணிலை தூண்டில் ஏறினது. சித்தப்பா பிடுங்கினவர். தூண்டில் வந்தது, கண்ணும் போயிட்டுது."

முன்கடையிலிருந்து கடுதாசிக் கப் ஒன்று எடுத்துவரச் சொன்னார். கண்ணில் முட்டாமல் அதைக் கவிழ்த்துத் துணியால் மெதுவாகக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போன ஓட்டோவில் நான் சாரதிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், அண்ணை கண்ணைக் கசக்கிவிடாதபடி அவருடைய இரண்டு கைகளையும் தன் மடியில் அமத்திப் பிடித்தபடி அக்கா இருந்தார்.

அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, அங்கே சத்திரசிகிச்சை செய்தார்கள். உந்தச் சிம்பை இழுக்காமல் விட்டது ஆர் என்று டொக்டர் கேட்டாராம். அண்ணை கட்டுப் போட்ட முகத்தோடு அக்கா நின்ற பக்கம் கையைக் காட்டினாராம். கண் தப்பியது. சிறு மங்கல் மட்டும் மிஞ்சியது. கட்டை அவிழ்த்த அன்று அண்ணை அக்காவை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லா மெலிஞ்சுபோனாய்" என்றார். பக்கத்தில் நின்ற நான் யன்னலுக்கு வெளியே பார்க்கவேண்டியதாயிற்று.

அவர் வேலைக்குத் திரும்புமுன்பே முதலாளி எல்லாருக்கும் கண்ணாடி வாங்கிவிட்டார். ஆனால் வெக்கையில் அது பனிமூட்டம்போலப் புகார் பிடிக்கும், வியர்வை வழியும். நாங்கள் நெற்றிக்கு ஏற்றிவிட்டு வேலை செய்வோம். மத்தியானம் அக்கா வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.

"தம்பி, உமக்குக் கண் நெத்தியிலையோ இருக்கு?"

கீரிமலைச் சிவனுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் கண்ணாடியைத்தான் இறக்கிவிட்டேன். அக்காவுக்குப் பயந்து போட்டது நாளடைவில் பழக்கமாகி, பிறகு அது இல்லாமல் கிறைண்டரைத் தொடவே கை கூசத் தொடங்கியது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்சக் காலத்தில் அவர்களும் வாங்கினார்கள்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பட்டறைக்கு வழி கேட்டால், ஒற்றைக்கண்ணரின்ரை கடைக்கு அங்காலை என்றோ இங்காலை என்றோதான் சொல்வார்கள். பட்டறையில் பொறி பட்டுக் கண் போன ஒற்றைக்கண்ணர் ஒருவர் அநேகமாக ஒவ்வொரு ஊரிலும் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவரின் வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது அப்படி யாரும் வழி சொல்லிக் கேட்டதில்லை. பலகையில் எழுதியிருக்கிற பெயரைத்தான் சொல்கிறார்கள். எங்கள் தெருக்களை விட்டு எத்தனையோ பெயர்கள் போயிருக்கின்றன. திரும்பி வரவேண்டாம் என்று நான் நினைக்கிற பெயர் அது ஒன்றுதான்.