நான் டாக்டரிடம் சொல்லாதது

என் மனைவி இறந்த அடுத்த வருடம், ஒரு வியாழக்கிழமை பிற்பகலில், எங்கள் குளியலறைக்குள்ளிருந்து அவளுடைய முனகல் கேட்டது.

புனேவில் நாங்கள் குடியிருந்த சாங்வியில் வியாழக்கிழமைகளில் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மின்விசிறியும் லிஃப்டும் பக்கத்து வீட்டு டிவியும் அடங்கிய பிறகுதான் அந்தக் கட்டடத்தில் எத்தனை சத்தங்கள் இருந்தன என்பதே தெரியும். அன்று அந்த அமைதியில் பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் விடும் ஒரு நீண்ட 'ம்ம்' எழுந்தது. மூச்சு இழுக்கும் இடைவெளி. மறுபடி 'ம்ம்'. பிறகு பிளாஸ்டிக் மக்கைத் தரையில் வைக்கும் சத்தம். இந்த வரிசை எனக்கு மனப்பாடம். பல ஆண்டுகள் மாதாமாதம் கதவுக்கு வெளியே செய்தித்தாளுடன் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

கதவைத் திறந்தேன். தரை காய்ந்து கிடந்தது. வாளி கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. முனகல் மட்டும் நிற்கவில்லை. கதவைத் திறந்ததும் இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டது.

நான் இயற்பியல் படித்தவன். ஆனால் அன்று மின்சாரம் வரும்வரை மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தேன். மேலே ஏறி வந்த வாட்ச்மேன், "காய் காகா, உள்ளே ரொம்ப உக்காடாவா?" என்று மராத்தியில் கேட்டான். ஆமாம், உள்ளே புழுக்கம்தான் என்றேன்.

அடுத்த மாதமும் வந்தது. அவளுக்கு வந்ததைப் போலவே சில நாட்கள் இருந்துவிட்டுப் போனது. செத்துப்போனவளுக்கும் மாதவிலக்கு உண்டா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். ஆனாலும் அதற்கடுத்த மாதம் நான் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அவள் எதற்காக வருகிறாள் என்று எனக்குத் தெரியும்.

திருமணமாகி அவள் புனேவுக்கு வந்தபோது அவளுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். நான் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்தேன். இந்தி தெரியாத தமிழ்த் தொழிலாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் நின்று பேசுவது நான்தான். ஒரு சொல் விடாமல் சொல்வேன் என்று அங்கே எனக்குப் பெயர் இருந்தது.

குழந்தை இல்லை என்று அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் வயதான மராத்திக்காரர். என்ன கஷ்டம் என்று இந்தியில் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"அந்த மூணு நாளும் வெளிக்கிப் போறப்ப கத்தியில அறுக்கற மாதிரி இருக்குதுங்க. காலு வரைக்கும் இழுக்குது. அப்புறம் நீங்க பக்கத்துல வர்றப்பவும் உள்ள என்னமோ கிழியற மாதிரி வலிக்குதுங்க. அதையுஞ் சொல்லிப்போடுங்க."

நான் டாக்டரிடம், "மாதவிலக்கின்போது கொஞ்சம் வலி இருக்கிறதாம். குழந்தை இல்லை என்பதுதான் கவலை" என்றேன்.

மலம் கழிப்பதைப் பற்றி இன்னொரு ஆணிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைசி விஷயத்தை என்னைப் பற்றிய புகாராக எடுத்துக்கொண்டேன். குழந்தை பிறந்தால் வலி தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். அதை மட்டும் ஒரு சொல் விடாமல் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

குழந்தை பிறக்கவில்லை. காய்கறிக்காரிகளிடம் பேசிப் பேசி அவள் மராத்தி கற்றுக்கொண்டாள். வருடங்கள் கழித்து, என்னிடம் சொல்லாமல், தனியாக ஒரு பெண் டாக்டரிடம் போனாள். எண்டோமெட்ரியோசிஸ் என்று அப்போதுதான் தெரிந்தது. கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வைப் போன்ற ஒன்று வெளியே வளர்ந்து, சினைப்பையையும் குடலையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படுத்திருந்தவள் ஒருநாள் கேட்டாள்.

"அன்னிக்கு அந்த டாக்டர்கிட்ட நாஞ்சொன்னதெல்லாஞ் சொன்னீங்களா?"

"நீ சொன்னதைத்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை.

இப்போது குளியலறையில் அவள் முனகிக்கொண்டிருந்தாள். இன்னொரு வியாழக்கிழமை, இருட்டான அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முனகல் சுவரிலிருந்து வந்தது. அவள் உயிரோடு இருந்தபோது ஒருமுறைகூடக் கேட்காததை அப்போது கேட்டேன்.

"என்னம்மா பண்ணுது?"

முனகல் நின்றது. நீர் சொட்டும் சத்தம் மட்டும். பிறகு, மிக மெதுவாக, தமிழில் ஒரு பெண் குரல் கேட்டது.

"யாரு?"

கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"யாருய்யா அது? சாமி சத்தியமாச் சொல்லு!" குரல் நடுங்கியது. அது மதுரைப் பக்கத்துப் பேச்சு. என் மனைவியினுடையது அல்ல.

கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த தமிழ்ப் பெண் நினைவுக்கு வந்தாள். குழாய்கள் இறங்கும் இடுக்கின் பக்கமாக இரண்டு குளியலறைகளின் ஜன்னல்களும் திறந்திருந்தன. நான் மேல் வீட்டுக் கிழவன் என்று சொன்னேன்.

"அட, தாத்தாவா! நான் பேயின்னுல்ல நெனச்சேன்."

"நானும்தான்" என்றேன்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். வலி விடவில்லை. டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாத்தோம் தாத்தா. எங்க வீட்டுக்காரருதான் டாக்டர்கிட்ட இந்தில என்னமோ சொன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. சாதா வலிதான்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாக. மூணு வருசமா புள்ள வேற இல்லியா, அத்தை அதயேதான் கேக்குறாக."

சாயங்காலம் வரும் அவள் கணவனுக்காகக் காத்திருந்து கீழே போனேன். சாக்கனில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். அவன் தாத்தா காலத்திலேயே புனேவுக்கு வந்துவிட்ட குடும்பம். அடுத்த முறை நானும் கூட வருகிறேன் என்றேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் முகம் தெளிந்தது.

"வாங்க அங்கிள், பிளீஸ். இவ மதுரைத் தமிழ் ரொம்ப ஃபாஸ்ட். எனக்கு ஆதா... பாதிதான் புரியும். திருப்பிக் கேட்டா குஸ்ஸா ஆகி கத்துறா."

டாக்டர் நடுவயதுப் பெண்; கணவனை வெளியே காத்திருக்கச் சொன்னார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி, "அந்த நாள்ல அடிவயிறு வலி உசுரு போகுதுன்னு சொல்லுங்க தாத்தா" என்றாள். சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் நிற்கவில்லை. மலம் கழிக்கும்போது கத்தியால் அறுப்பது போல் இருக்கிறது, கால்வரை இழுக்கிறது, கணவனோடு இருக்கும்போது உள்ளே கிழிவது போல் வலிக்கிறது. இந்தியில் வரிசையாக வந்தது. யாரோ பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது போலிருந்தது. கடைசிச் சொல் முடிந்ததும்தான் எனக்கு உறைத்தது. இதில் எதையும் இந்தப் பெண் சொல்லவில்லை.

டாக்டர் அவளைப் பார்த்து, "இதெல்லாம் இருக்கிறதா?" என்றார். நான் தமிழில் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இத நான் உங்ககிட்டச் சொல்லவே இல்லியே தாத்தா."

பிறகு தலையை ஆட்டினாள். "ஆனா இருக்கு. எல்லாமே இருக்கு."

டாக்டர் அவளை உள்ளே அழைத்துப் போய்ப் பரிசோதித்தார். எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். வலியைக் குறைக்க வழி உண்டு, குழந்தைக்கும் இன்னும் நேரம் இருக்கிறது, உறுதி மட்டும் சொல்ல முடியாது என்றார். அதையெல்லாம் விடாமல் அவளுக்குச் சொன்னேன்.

கணவன் மாத்திரை வாங்கப் போனான். வாசல் பெஞ்சில் அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

"அவுக கேட்டப்பக்கூடப் பொய்யா சொன்னீக?"

"ஆமாம்."

"பாவம் அவுக" என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இவரு வந்ததும் இதையும் எனக்கு இருக்குறதையும் இவருகிட்டச் சொல்லுங்க. இந்தில சொல்லுங்க. தமிழ்ல சொன்னா முழுசா ஏறாது" என்றாள்.

அவன் வந்தான். சொன்னேன். மாத்திரைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டான். முடிந்ததும் அவள் பக்கம் திரும்பி, தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டான்.

"நம்ம... சேந்து இருக்கும்போதும் உனக்கு வலிச்சதா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்" என்றாள் அவள்.

இருவரும் பைக்கை நோக்கி நடந்தார்கள். அவன் அவளுக்கு முன்னால் போகவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.